தம்பி, அக்கா பேசுறேன்

ஊரில் அவள் குரலைக் கேட்காத காது கிடையாது. முழுசாகக் கேட்டு முடித்த காதும் கிடையாது.

வெயில் ஏறினால் ஓர் எச்சரிக்கை, மழை வலுத்தால் ஓர் எச்சரிக்கை, காற்று மாறினால் இன்னொன்று என்று ஊர்ப் போன்களிலெல்லாம் மணியடிக்கும். எடுத்தால் அவள் குரல். "இது எச்சரிக்கை நிலையத்தின் அறிவிப்பு" என்பதில் 'நிலையத்தின்' வரைக்கும்தான் ஓடும். அதற்குள் கட்டைவிரல் போய்ச் சிவப்புப் பொத்தானை அழுத்திவிடும். மனுஷக் கட்டைவிரலுக்கு இத்தனை சுறுசுறுப்பு வேறெந்த வேலையிலும் வந்ததாகத் தெரியவில்லை.

நிலையத்தின் நான்காவது மாடியில், ஜன்னல் இல்லாத ஓர் அறையில்தான் அவளுக்கு வேலை. சுவரெல்லாம் கறுப்புப் பஞ்சு ஒட்டியிருக்கும். பதிவு ஓடும்போது சத்தம் வரக்கூடாதென்று ஏசியை நிறுத்திவிடுவார்கள். ஆக, ஊருக்கெல்லாம் வெயில் எச்சரிக்கையை அவள் வியர்க்க விறுவிறுக்க உட்கார்ந்துதான் படிப்பாள். செவிடன் காதில் ஊதிய சங்கு என்பார்களே, அந்தச் சங்கு ஊதுவதற்கு மாதச் சம்பளம்.

அவளுக்கு ஊர் வைத்த பெயர் ஆபத்தக்கா. வைத்தவன் வேறு யாருமில்லை, கூடப் பிறந்த தம்பிதான்.

தம்பி ஏசி மெக்கானிக். ஆற்றங்கரைத் தெருவில், கீழ்த்தளத்தில் வீடு. முன்னறைதான் பட்டறை. பிரித்துப் போட்ட ஏசிப் பெட்டிகளும் செம்புக் குழாய்ச் சுருள்களும் காஸ் சிலிண்டர்களுமாகக் கால் வைக்க இடமிருக்காது. முன்பெல்லாம் வெயில் காலத்தில் மட்டும் வேலை இருந்தது. இப்போது வருஷம் முழுக்க வெயில் காலம்தான், அவனுக்கு மூச்சுவிட நேரமில்லை. "உலகம் சூடாகுது, சூடாகுதுன்னு எல்லாரும் பொலம்புறாங்க. என் வீட்டு அடுப்பு எரியறதே அந்தச் சூட்டுலதான்," என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லிச் சிரிப்பான். கெட்டவன் இல்லை. கடைக்குப் போனால் துணிப்பை எடுத்துக்கொண்டுதான் போவான். பல் தேய்க்கும்போது குழாயை மூடச் சொல்லிப் பிள்ளைகள் இரண்டையும் அதட்டுவான். பூமியைக் காப்பாற்ற அவனுக்கு ஆட்சேபணையே கிடையாது. உன்னைக் காப்பாற்றிக்கொள்ளடா என்றால்தான் கோபம் வரும்.

ஆறு அவன் வீட்டுக் கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம். போன மழைக்காலத்தில் தண்ணீர் அந்தச் சுவரில் பாதி வரைக்கும் ஏறி வந்து, என்ன நினைத்துக்கொண்டதோ, திரும்பிப் போனது. அன்றைக்குப் பிடித்த பயம் அவளை விடவில்லை. அம்மா போனபிறகு அவளுக்கென்று இந்த உலகத்தில் மிச்சம் இருந்தது அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் தூங்குகிற நாலு உயிர்தான். அதனால் வாரா வாரம் போய்ச் சண்டை போட்டாள்.

"மழை முடியற வரைக்கும் எங்கிட்ட வந்து இருங்கடா. மேட்டுத் தெரு, மூணாவது மாடி. ரெண்டு ரூம் சும்மாதானே கெடக்கு?"

"பட்டறைய யாரு தூக்கிட்டு வர்றது? நீயா?" என்றான் தம்பி, குழாயை ஊதிப் பார்த்துக்கொண்டே.

"உசுரு பெருசா, பட்டறை பெருசா?"

"ஆபத்தக்கா, நீ போன்ல சொல்றதையே நான் கேக்கறதில்ல. நேர்ல வந்து சொன்னா மட்டும் கேட்டுடுவேனா?"

தம்பி பெண்டாட்டி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "விடுங்க அண்ணி. இந்தத் தெருவுல நாம மட்டுமா இருக்கோம்? எல்லாருக்கும் வர்றது நமக்கும் வந்துட்டுப் போகுது."

அந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் போகவில்லையே என்று இவர்கள் இருந்தார்கள். இவர்கள் போகவில்லையே என்று பக்கத்து வீட்டுக்காரர் இருந்தார். இப்படி ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் தெருவே தைரியமாக இருந்தது.

இந்த நிலைமையில்தான் நிலையத்துக்குப் புது ஆலோசகர் ஒருவர் வந்து சேர்ந்தார். காலநிலை மாற்றத்தைப் பற்றி மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று நாடு நாடாகக் கேட்டுத் திரட்டுகிற கம்பெனி ஆள். நல்ல சட்டை, நல்ல வாசனை, யாரையும் கடிந்து பேசாத வாய். அந்த வாயைத் திறந்தால் சதவீதம்தான் கொட்டும். ஒலிப்பதிவுக்காரர் அவருக்குச் சதவீதம் என்றே பெயர் வைத்துவிட்டார்.

"மேடம், பணக்கார நாடு, ஏழை நாடு, குளிர் நாடு, வெயில் நாடு, எங்க போய்க் கேட்டாலும் ஒரே கதைதான்," என்றார் சதவீதம். "உலகம் சூடாகுதா? ஆமாங்கறாங்க. ஆபத்தா? ரொம்ப ஆபத்துங்கறாங்க. பக்கத்து ஊருக்கு வருமா? கண்டிப்பா வருமாம். உங்க வீட்டுக்கு வருமா? அங்கதான் சிரிக்கறாங்க."

"அப்ப நம்பிக்கை இல்லையா அவங்களுக்கு?"

"நம்பிக்கையெல்லாம் நிறைய இருக்கு. பயம்தான் பிடிக்கல. பயமுறுத்துற குரலை யாரும் கேக்கறதில்ல. இன்னொரு கேள்வியும் கேட்டோம், யார் சொன்னா கேப்பீங்கன்னு. மந்திரிக்கு ஓட்டே இல்ல. விஞ்ஞானிக்குக் கொஞ்சம். சொந்தக்காரங்க சொன்னா கேப்பேன்னுதான் நிறையப் பேரு சொல்லியிருக்காங்க. அதுலயும் அம்மாவுக்கு அடுத்தபடி அக்காதான்."

என் தம்பியை யாரும் கேட்கவில்லை போலிருக்கிறது என்று அவள் மனசுக்குள் சிரித்துக்கொண்டாள். சிரிப்பு அதோடு சரி. புது வாசகத்தைக் கையில் கொடுத்தார்கள். அதில் 'எச்சரிக்கை' இல்லை, 'வெள்ளம்' இல்லை, 'வெளியேறுங்கள்' இல்லை. இருந்தது இதுதான்:

"தம்பி, அக்கா பேசுறேன். நல்லா இருக்கியா? பிள்ளைங்க நல்லா இருக்காங்களா? இன்னிக்கு ஆத்துல தண்ணி கொஞ்சம் கூடுதலா வரும்போல. பயப்பட ஒண்ணுமில்ல. தோதுப்பட்டா மேட்டுப் பக்கம் போய் இருந்துட்டு வாங்க."

பெண்களுக்குத் தங்கச்சி, மூத்தவர்களுக்கு 'அண்ணா, தங்கச்சி பேசுறேன்', அவ்வளவுதான் வித்தியாசம்.

"கொஞ்சம் கூடுதலான்னா எவ்வளவு சார்?" என்று கேட்டாள். "ஆளு முங்கற அளவுக்கு வந்தா அப்ப என்ன சொல்றது?"

"அப்பவும் இதேதான் மேடம். தண்ணியோட அளவு நம்ம கையில இல்ல. கேக்கறவங்க மனசுதான் நம்ம கையில இருக்கு."

நல்லா இருக்கிறதல்லவா கதை! அன்றைக்கே அந்தக் காகிதத்தை அவர் மூஞ்சியில் வீசிவிட்டு வந்திருக்க வேண்டும். அவள் வீசவில்லை. ஊரெல்லாம் கேட்கிறதோ இல்லையோ, இப்படிச் சொன்னாலாவது அவன் ஒருத்தன் கேட்க மாட்டானா என்ற நப்பாசை. பாசம் வந்தால் புத்தி பின்வாசல் வழியாகப் போய்விடும் என்பது சும்மாவா?

முதலில் நாலைந்து தடவை படித்தும் சரிப்படவில்லை. "அக்கா, செய்தி வாசிக்கற மாதிரியே இருக்கு," என்றார் ஒலிப்பதிவுக்காரர் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து. "உங்க சொந்தத் தம்பிய நினைச்சுக்கிட்டுப் பேசுங்க."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கொல்லைச் சுவரையும் அதில் ஏறிய தண்ணீர்க் கறையையும் நினைத்தாள். "தம்பி, அக்கா பேசுறேன்" என்றாள். முடித்துவிட்டுக் கண்ணைத் திறந்தபோது ஒலிப்பதிவுக்காரர் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார். சதவீதம் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

பிறகு அவள் குரலை மிஷினுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். பேர் சொல்லிக் கூப்பிடணுமாம், நேரத்துக்குத் தகுந்த மாதிரி பேசணுமாம். ஒரு வாரம் தலையும் காலும் இல்லாத வாக்கியங்களாகப் படித்தாள். கொஞ்சலாக ஒன்று, கோபமாக ஒன்று, அழுகையை அடக்கிக்கொண்டு ஒன்று, அடக்க முடியாமல் ஒன்று. கடைசி நாள் வீட்டுக்குப் போகும்போது, தன்னிடம் இருந்ததையெல்லாம் வழித்துக் கொடுத்துவிட்டு வருவதுபோல ஒரு வெறுமை. தொண்டை வலி என்று சொல்லிக்கொண்டு படுத்துவிட்டாள்.

புதுக் குரல் சக்கைப்போடு போட்டது. ஜனங்கள் கட் பண்ணவில்லை. சிலபேர் மிஷினுக்குப் பதில்கூடச் சொன்னார்கள்: "நல்லா இருக்கேன்க்கா, நீ சாப்பிட்டியா?" எங்கோ ஒரு பெரியவர் தினமும் அதனிடம் மருமகளைப் பற்றிக் குறை சொன்னார். சதவீதம் கேக் வெட்டினார். நிலையத்தின் மேல் மக்களுக்குப் பிரியம் எத்தனை சதவீதம் கூடியிருக்கிறது என்று படம் போட்டுக் காட்டினார். அந்த அறிவிப்பைக் கேட்டுவிட்டு எத்தனை பேர் எழுந்து மேட்டுக்குப் போனார்கள் என்ற கேள்வியை மட்டும் யாரும் கேட்டிருக்கவில்லை.

நல்ல மாடு கிடைத்தால் நாலு பேர் ஏர் பூட்டுவார்கள். மற்ற இலாகாக்களும் அக்காவைக் கேட்டன. காலையில் விளக்கை அணைக்கச் சொன்ன அக்கா மத்தியானம் மரம் நடச் சொன்னாள். சாயங்காலம் பேட்டரி ஸ்கூட்டர் வாங்கச் சொன்னாள். "நிஜமா நான்தான் தம்பி, கட் பண்ணிடாத" என்று அந்த ஸ்கூட்டர் விளம்பரம் ஆரம்பிக்கும். மரம் நடும் வாரத்தில் அக்கா விம்மி விம்மி அழுதாள். முதலில் உருகிய ஜனம் பிறகு கொட்டாவி விட்டது, அதற்குப் பிறகு பழையபடி கட்டைவிரலைத் தீட்டிக்கொண்டது. பூமி வாழட்டும் என்று எல்லோரும் மனசார நினைத்தார்கள். அந்த அக்கா மட்டும் வாயை மூடினால் போதும் என்றிருந்தது.

ஒருநாள் அவள் தம்பி வீட்டுக்குப் போய் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "தம்பி" என்று குரல் கொடுத்தாள். உள்ளேயிருந்து பிள்ளைகள் இரண்டும், "கட்! கட்!" என்று கத்தின. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவளும் சிரித்து வைத்தாள்.

"தப்பா நினைக்காதக்கா," என்றான் தம்பி. "'தம்பி'ன்னு உன் குரல் கேட்டாலே கை தானா கட் பண்ணப் போகுது. நேர்ல நீ வந்து நிக்கறப்பகூட போனைத் தேடுது."

"நான் பேசறது வேற, அது பேசறது வேறடா."

"எனக்கு வித்தியாசம் தெரியலையே. சொல்லப்போனா அதுதான் பிள்ளைங்களை ஒழுங்கா விசாரிக்குது. நீ வந்தவுடனே சுவத்தைத்தான் பார்க்கற."

அது உண்மைதான். அன்றைக்கும் அவள் சுவரைத்தான் பார்த்துவிட்டு வந்தாள். வெயிலில் காய்ந்து வெடித்து, ஒரு கை நுழையும் அளவுக்குப் பிளவு விட்டிருந்தது.

பிறகு வந்தது அந்த நாள்.

மலைப் பக்கம் விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. ஊரில் ஒரு தூறல்கூட இல்லை. அதுதான் வினையே. பளிச்சென்று வெயில், கொடியில் துணி காய்கிறது, பட்டறையில் தம்பி தன் பாட்டுக்குப் பாட்டுப் போட்டுக்கொண்டு வேலை செய்கிறான். இந்த வானத்தைக் காட்டி வெள்ளம் வருகிறது என்றால் பைத்தியம்கூட நம்பாது.

உச்சிவேளையில் அணைக்கட்டிலிருந்து நிலையத்துக்குப் போன் வந்தது. அங்கிருந்த இன்ஜினியர் வணக்கம்கூடச் சொல்லவில்லை. "எல்லா மதகையும் தொறக்கறோம். வேற வழியில்ல, தொறக்கலைன்னா அணையே போயிடும். ஆத்தங்கரையில ஒரு ஆள் இருக்கக் கூடாது," என்றார்.

மிஷின் உடனே வேலையைத் தொடங்கியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு அவள் தன் குரலைத் தானே கேட்டாள். "தம்பி, அக்கா பேசுறேன். நல்லா இருக்கியா?" திரையில் ஆற்றங்கரைத் தெருவின் எண்கள் வரிசையாக விழுந்தன. ஒவ்வொன்றுக்கும் எதிரில் சிவப்பு. கட், கட், கட்.

"வார்த்தைய மாத்துங்க சார்!" என்று சதவீதத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள். "வெள்ளம்னு போடுங்க. ஓடுங்கன்னு போடுங்க. உங்க கால்ல வேணா விழறேன்."

சதவீதத்தின் முகம் வெளுத்திருந்தது. மனுஷனுக்கும் பயம்தான். ஆனாலும் வாய் பழக்கத்தை விடவில்லை. "வாசகத்தை மாத்தணும்னா கமிட்டி ஒப்புக்கணும் மேடம். தலைவருக்குப் போட்டுக்கிட்டேதான் இருக்கேன், லைன் கெடைக்கல."

யாருக்குத்தான் லைன் கிடைத்தது? அணைச் செய்தி கசிந்ததும் ஊரே ஒரே நேரத்தில் ஊருக்குப் போன் பண்ணியது. அவள் கைப்போனில் தம்பியைக் கூப்பிட்டாள், மணிகூடப் போகவில்லை. நேரே போய் இழுத்து வரலாமென்று ஒலிப்பதிவுக்காரரை வண்டியை எடுக்கச் சொன்னாள். தம்பி தெருவுக்குப் போகிற ஆற்றுப் பாலத்தை மூடியாயிற்று என்று கீழேயிருந்து காவலாளி சொல்லிவிட்டான்.

"அக்கா, நம்ம நிலையத்து லைன் மட்டும்தான் போகும். அதுக்கு வழிவிட்டு வச்சிருக்காங்க," என்றார் ஒலிப்பதிவுக்காரர். "ஆனா அங்க நிலையத்து நம்பர்தான் விழும்."

"எந்த நம்பர் விழுந்தா என்ன, போடுங்க!"

மணி போனது. எடுத்தான். பின்னால் பாட்டுச் சத்தம்.

"தம்பி, அக்கா பேசுறேன்..."

கட்.

பாழாய்ப்போன வாய்! ஆயிரம் வார்த்தை இருக்க, பழகிய தடத்தில்தான் போய் விழுந்தது. "மறுபடி போடுங்க," என்றாள். மறுபடி எடுத்தான்.

"டேய், நிஜமா நான்தான், கட் பண்ணிடாத..."

கட். அது ஸ்கூட்டர் விளம்பரம்.

தம்பி பெண்டாட்டியின் எண்ணுக்குப் போட்டார்கள். அவள் போனையே அணைத்து வைத்திருந்தாள். பக்கத்து வீட்டுக்காரர் எண்ணுக்குப் போட்டார்கள். அவர் எடுத்து, "நல்லா இருக்கோம்மா, வை," என்று மரியாதையாகக் கட் பண்ணினார். மூன்றாம் தடவை தம்பிக்கு மணி போனபோது எடுத்தது பிள்ளைகளில் சின்னது.

"அப்பா, அத்தை மிஷின்!"

"ஸ்பீக்கர்ல போடு. இன்னிக்கு விடவே மாட்டேங்குது, என்னதான் சொல்லுதுன்னு கேப்போம்," என்று தம்பியின் குரல் தூரத்தில் கேட்டது.

"கண்ணு, அத்தைதான்டா! அப்பாவைக் கூட்டிட்டு மாடிக்கு ஓடு! டேய் எருமை மாடே, காதுல விழுதா? அணையத் தொறந்துட்டாங்கடா! பிள்ளைங்களைத் தூக்கிட்டு ஓடுடா, பட்டறையும் வேணாம் ஒரு மண்ணும் வேணாம்!"

அந்தப் பக்கம் வெடிச் சிரிப்பு.

"அடியே, இங்க வா! திட்டவும் சொல்லிக் குடுத்துட்டாங்க! எருமை மாடுங்குது!"

"டேய், சாமி சத்தியமா நான்தான்டா..." அதற்கு மேல் அவளால் முடியவில்லை. உடைந்துவிட்டாள். ஏங்கி ஏங்கி அழுதாள். ஒலிப்பதிவுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

தம்பி பெண்டாட்டி பக்கத்தில் வந்துவிட்டாள் போலிருக்கிறது. "போன வாரம் மரத்துக்கு அழுதுச்சே, அதுதான் இதைவிட நல்லா இருந்துச்சு," என்றாள்.

"பாவம், தொண்டை கட்டிடுச்சு மிஷினுக்கு," என்றான் தம்பி. மறுபடி சிரிப்பு. நாலு பேரும் சிரித்தார்கள். சந்தோஷமான குடும்பம். அந்தச் சிரிப்புக்குள்ளே சின்னதின் குரல் தனியாகக் கேட்டது.

"அப்பா, செருப்பு மிதக்குது."

"எங்கடா?"

"பட்டறையில."

யாரோ பாட்டை நிறுத்தினார்கள். கனமான இரும்பு ஏதோ புரண்டு சுவரில் இடித்தது. இன்னொன்று இடித்தது. அதற்கும் பின்னால், லாரிகள் வரிசையாக வருவதுபோல ஓர் இரைச்சல். தெருவில் யாரோ ஒரு பெண் ஒரு பெயரைச் சொல்லிக் கத்தினாள், அந்தக் கத்தல் பாதியில் நின்றது.

"அக்கா?" என்றான் தம்பி. போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்திருக்க வேண்டும், மூச்சுக்கூடக் கேட்டது. அம்மா கண்ணை மூடிய அன்றைக்கு அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றவனின் அதே குரல். "அக்கா, நிஜமா நீதானா? என்னக்கா பண்றது இப்ப?"

"மாடிக்குடா! பின்படி வேணாம், அது ஆத்துப் பக்கம், முன்படி! பிள்ளைங்களைத் தோள்ல ஏத்திக்கோ! கரண்ட்டை அணை! டேய், கேக்குதா? முன்படி வழியா போடா!"

ஒலிப்பதிவுக்காரர் மெதுவாக அவள் தோளைத் தொட்டார். லைன் போய்விட்டது என்று சைகை காட்டினார். அவள் அவர் கையைத் தட்டிவிட்டாள்.

"முன்படிடா தம்பி, முன்படி!" என்று அவள் பேசிக்கொண்டே இருந்தாள். அந்தப் பக்கம் கட் பண்ணக்கூட யாரும் இல்லை.